ஏழாம் பகுதியில் கேட்ட குரல்

என் வேலை பழைய ஒலியைத் துடைப்பது. எப்போதோ தொலைந்துபோன நாடாக்களை யாராவது எங்கிருந்தாவது கண்டெடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் இரைச்சல் இருக்கும், மின்விசிறி உறுமும், நடிகரின் செருப்பு தரையில் உரசும். அதையெல்லாம் நீக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பளிச்சென்று எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு அது டிவிடியாகி, அட்டைப் பெட்டிக்குள் புகுந்து, வீட்டுக்கு வீடு போகும். இருபது வருடமாக இந்தக் காதுதான் எனக்குச் சோறு போடுகிறது என்று நாலு பேரிடம் பெருமையடித்துக்கொள்வேன். அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர். இது அவரைப் பற்றியது. எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தொலைக்காட்சி நிலையத்தில் எல்லோரும் அவரை 'கிசுகிசு' என்றுதான் கூப்பிட்டார்களாம். நான் கூடவே ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொள்கிறேன்.

கிசுகிசு அம்மாவின் வேலை, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்பு தொடர் நாடகம் என்றால் நேரடி ஒளிபரப்பு. அரங்கில் நடிக்க நடிக்க வீடுகளில் தெரியும். பின்னால் இன்னொரு முறை போடுவதற்காக நாடாவிலும் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். தப்பு வந்தால் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. ஆகவே காமிராவுக்குக் கீழே தரையில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு இவரை உட்கார வைத்திருந்தார்கள். மடியில் வசனத் தாள்கள், கையில் சின்ன டார்ச். நடிகர் திணறினால் அடுத்த நாலு வார்த்தையை மூச்சோடு மூச்சாக எடுத்துக் கொடுக்க வேண்டும். நடிகருக்குக் கேட்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது. மைக்கில் விழத்தான் செய்யும். ஆனால் அந்தக் காலத்து டிவிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு அதை வெளியே சொல்லும் யோக்கியதை கிடையாது.

பழக்கம் ஆளை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கடையில் நின்று அவர் கேட்பது கடைக்காரர் காதில் விழாது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள், இவர் நின்றுகொண்டே இருப்பார். எதிரே இருப்பவர் பேசினால் இவர் உதடு அரை நொடி முந்திக்கொண்டு அசையும். என்னிடம் வந்த முதல் நாள் நான் வெயிலைப் பற்றி ஏதோ ஒப்புக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவர் உதடு முடித்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது, மறைக்கவும் தெரியவில்லை.

இப்போது நாடாவுக்கு வருகிறேன். எந்த வழக்கிலும் ஜெயிக்காத ஒரு வக்கீலைப் பற்றிய தொடர் அது. வாரம் ஒரு முறை வரும். அதில் நடித்தவரைத் தெருவில் பார்த்தால்கூட எல்லோரும் 'வக்கீல்' என்றுதான் சொன்னார்கள், நிஜ வக்கீல்கள் உட்பட. நாடா விலை கூடிய வருடம் நிலையத்தில் மொத்தத் தொடரையும் அழித்து, அதே நாடாவில் விளையாட்டையும் கூட்டங்களையும் பதிவு செய்துவிட்டார்கள். போயே போய்விட்டது என்று எல்லோரும் கையைக் கழுவிய பிறகு, மலை மேல் இருந்த ஒரு சிறிய ஒளிபரப்புக் கூடத்தை இடிக்கப் போனவர்களுக்குக் கிடங்கில் ஏழு பெட்டிகள் கிடைத்தன. மேலே 'கால்பந்து' என்று சீட்டு. உள்ளே வக்கீல். அங்கே இருந்த யாரோ அழிக்கச் சொல்லி வந்த உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சீட்டை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார். அந்த மகானைத் தேடினோம், கிடைக்கவில்லை.

ஏழில் ஆறு பகுதிகள் சாதாரணம். ஏழாவதுதான் எங்கள் மேலாளரைத் துள்ளிக் குதிக்க வைத்தது. அதைப் பார்த்தே இராதவர்களுக்கும் அந்தக் கதை தெரியும். வக்கீல் நீதிமன்றத்தில் முழங்கிக்கொண்டிருக்கிறார். தொலைந்த நகையை எடுத்தவன் யார் என்று கடைசி நிமிடத்தில்தான் தெரிய வேண்டும். அன்றைக்குப் பாதி நாடகத்திலேயே, "திருடியது வேறு யாருமில்லை, இதோ நிற்கும் குமாஸ்தாதான்" என்று போட்டு உடைத்துவிட்டார். குமாஸ்தாவாக நடித்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி நமக்கு என்ன வேலை என்று நினைத்தாரோ என்னவோ, உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்ணீர் கேட்டார். நீதிபதி கோர்ட்டை ஒத்திவைத்தார். நாடகம் முடிய இன்னும் பதினாலு நிமிடம் இருந்தது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும் ஏதோ வாத்திய இசையும் அந்தப் பதினாலு நிமிடத்தையும் ஓட்டின. ஊரே சிரித்தது. வக்கீல் குடித்துவிட்டு வந்து உளறினார் என்றார்கள். அவரைத் தொடரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிறகு எந்த நாடகத்திலும் அவர் முகம் தெரியவில்லை.

மேலாளர் டிவிடி அட்டையின் பின்பக்கத்துக்கு எழுதிவைத்த வரி இது: 'குடிபோதையில் நடிகர் கதையைக் கவிழ்த்த அந்தப் புகழ்பெற்ற பகுதி, முதல் முறையாக உங்கள் வீட்டில்!' இதே வரியோடு விளம்பரமும் போய்விட்டது. எனக்கு அப்போது அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. நன்றாக விற்கும் என்றுதான் நினைத்தேன்.

நாடாக்கள் ஈரம் குடித்து ஒட்டியிருந்தன. அப்படியே ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும் என்பதால் இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் மின் அடுப்பில் வைத்து எடுத்தோம். பிறகு நான் காதில் ஹெட்போனை மாட்டினேன். முதல் ஆறு பகுதிகளிலும் பேச்சுக்கு அடியில் ஒரு பெண் குரல் காற்றுப்போல ஓடியது. வசனம் எடுத்துக் கொடுக்கும் குரல் என்று புரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். ஒன்று விடாமல் துடைத்தேன். ஏழாவதில் ஓரிடத்தில் அந்தக் குரல் வக்கீலின் குரலோடு கலந்து குழம்பியிருந்தது. எது யாருடைய பேச்சு என்று தெரிந்தால்தான் வெட்ட முடியும். பழைய ஆட்களில் மிஞ்சியிருப்பவர் கிசுகிசு அம்மா ஒருவர்தான் என்று தெரிந்து வரச் சொன்னேன்.

வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். அந்த இடத்தைப் போட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு முதல் மூன்று வார்த்தை தன் குரல் என்றும், அதன் பின் வருவது வக்கீலின் குரல் என்றும் விரலால் நேரத்தைத் தொட்டுக் காட்டினார். தன் குரலை எடுத்துவிடுவேனா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பிசிறு இல்லாமல் எடுத்துவிடுவேன், கடவுளே வந்து கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று மாலையே எடுத்துவிட்டேன். குரல் யாருடையது என்பதில்தான் என் காது இருந்தது. அது என்ன சொல்கிறது, ஏன் வக்கீல் பேசுவதற்கு முன் சொல்கிறது என்று என் புத்திக்கு உறைக்கவே இல்லை.

ஆறு நாள் கழித்து, காலையில் நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். எடுத்ததைத் திரும்பப் போட முடியுமா என்றார். மறுநாள் எல்லாம் அச்சுக்குப் போகிறது. நான் சிடுசிடுத்தேன். முடியும், ஆனால் எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் உட்கார்ந்து சொன்னார். சொல்ல ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தவில்லை.

வசனத் தாள்களைப் பின் போட்டுக் கோக்க மாட்டார்கள், புரட்டினால் மைக்கில் சரசரக்கும். தனித்தனித் தாளாக வைத்துக்கொண்டு, முடிந்ததை ஓசையில்லாமல் போர்வை மேல் நழுவவிட வேண்டும். கடைசி நேரத்தில் வசனம் மாறினால், புதிதாக எழுதிய துண்டைப் பழைய வரியின்மேல் பசை தடவி ஒட்டுவார்கள். ஒட்டுவதும் இவர் வேலைதான். அன்று ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் இயக்குநர் மூன்று துண்டு கொடுத்தார். ஒட்டினார். பசை காயவில்லை, ஒட்டிய மூன்று தாளும் அவசரத்தில் ஒன்றாகவே இருந்துவிட்டன, அதில் கடைசிப் பக்கமும் ஒன்று. நழுவவிடும்போது இரண்டு தாள் ஒன்றாக நழுவியது. வக்கீல் பேச்சை நிறுத்தி வழக்கம்போல ஒரு பார்வை பார்த்தார். அடுத்த சாட்சியைக் கூப்பிட அனுமதி கேட்கும் வரியை இவர் கொடுத்திருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் கண்ணில் பட்டது குமாஸ்தா வரி. அதையே கொடுத்துவிட்டார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்து, துடைக்காத பிரதியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. குரல் வருகிறது. வக்கீலின் கண் ஒரு கணம் கீழே போகிறது. அதில் சந்தேகம் தெரிகிறது. ஆனால் நேரடி ஒளிபரப்பில் நின்றுகொண்டு கேள்வி கேட்க முடியுமா? அந்தக் குரலை அவர் இரண்டு வருடமாக நம்பி வந்தவர். சொல்லிவிட்டார்.

"விசாரணையில என்னைக் கேட்டாங்க, சரியான வரியைத்தான் குடுத்தியான்னு," என்றார் கிசுகிசு அம்மா. "குடுத்தேன்னு சொல்லிட்டேன். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. அவர் பெரிய நடிகர், ரெண்டு வாரம் வீட்ல உட்கார வெச்சுட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்கன்னு நெனச்சேன். நிஜமாவே அப்படித்தாம்மா நெனச்சேன்."

வக்கீலைக் கேட்டபோது, எனக்குத் தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாராம். அவரும் எப்போதாவது குடிக்கிறவர்தான், ஆனால் அன்றைக்கு இல்லை. சளிக்குக் குடித்த மருந்து வாடையை ஒருவர் சாராய வாடை என்று சொல்ல, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை போன பிறகு நிஜமாகவே குடியில் விழுந்தார். ஒன்பதாவது வருடம் செத்துப்போனார்.

இத்தனையும் சொல்லிவிட்டு, சாதாரணமாகச் சொல்வதைப்போல இன்னொன்றும் சொன்னார். வக்கீல் அவருடைய தங்கை புருஷன். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையை அரங்க வாசலில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர். அவர் போன பிறகு தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார் கிசுகிசு அம்மா. முப்பத்து நாலு வருடமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில். இந்த மாதிரி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று தெருவில் சொல்வார்களாம். அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துப்போகலாம்போல இருக்கும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சரியாகத் தெரியவில்லை. வீட்டில் தங்கையிடம் சொன்னால் போதாதா, இதற்கு எதற்கு என் டிவிடி என்று கேட்டேன்.

"எத்தனையோ தடவை வாயெடுத்தேன். தொண்டைக்குழியோட நின்னுடுது. மத்தவங்க வசனத்தை எடுத்துக் குடுக்கத்தான் எனக்குத் தெரியும்," என்றார். "முந்தாநாள் உங்க விளம்பரத்தை அவ பாத்துட்டா. குடிபோதையில்னு போட்டிருக்கீங்களே, அதை. காகிதத்தை நாலா மடிச்சுக் குப்பையில போட்டா. இந்தக் கருமத்தை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதேன்னா. இன்னும் எத்தனை வீட்ல உக்காந்து அவரைப் பாத்துச் சிரிக்கப் போறாங்க? என் குரல் அதுல இருந்தா சிரிக்க மாட்டாங்க இல்ல?"

சிரிப்பவர்கள் எதைக் கேட்டாலும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லாததைச் சேர்ப்பது என் வேலையில்லை. சுற்றியிருந்த இரைச்சலை மட்டும் எடுத்தேன். எடுத்ததும் குரல் தானாகத் தெளிந்து நின்றது. இத்தனை நாள் துடைத்துத் தள்ளிய குரல்களில் எத்தனை பேருடைய நியாயம் போயிருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அட்டையில் அந்த வரியை மாற்றாவிட்டால் மற்ற ஆறு பகுதிகளையும் முடித்துத் தர மாட்டேன் என்று ஒரு போடு போட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. நாற்பத்து மூன்று வருட மர்மம் விலகியது என்று போட்டால் இன்னும் நன்றாகப் போகுமே என்றார். அந்த ஆளைத் திட்ட வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். குடிபோதை என்ற சொல் போனால் சரி என்று வந்துவிட்டேன்.

பெட்டி வெளிவந்த வாரம் கிசுகிசு அம்மா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். டிவிடியைப் போடத் தெரியாது என்றார். அது சாக்கு என்று எனக்குத் தெரியும். தங்கையோடு தனியாக அந்த அறையில் உட்கார அவருக்கு தைரியம் வரவில்லை. மதியம் மூன்று மணிக்குப் போனேன். சின்னக் கூடம். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் தையல் மெஷின். தங்கை கட்டிலில் துவைத்த துணிகளைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். அக்காவைவிட ஐந்து வயது இளையவர், பார்த்தால் மூத்தவராகத் தெரிந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் முகம் கடுத்தது. போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்க்க மாட்டேன் என்று திரையின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு துணி மடிப்பதைத் தொடர்ந்தார்.

ஏழாம் பகுதியைப் போட்டேன். வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அந்தக் குரல் கூடத்தில் ஒலித்ததும் தங்கையின் கை ஒரு சட்டையின் காலரிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை. நான் கிசுகிசு அம்மாவைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

அந்த இடம் வந்தது. வக்கீல் பேச்சை நிறுத்தினார். அந்த இடைவெளியில், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, இளம் பெண் குரல் ஒன்று சொன்னது: 'திருடியது வேறு யாருமில்லை.' அதன் பிறகு வக்கீல் அதையே முழங்கினார்.

தங்கை திரும்பினார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இந்த முறை எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கேட்டார். அக்காவின் குரலை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அது நான்தான்," என்றார் கிசுகிசு அம்மா. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு. நான்தான் தப்பா எடுத்துக் குடுத்தேன். கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவருக்கே அது தெரியாது. தெரியாமலேயே போய்ச் சேந்துட்டாரு. என்னை மன்னிச்சுடு."

தங்கை கத்துவார், கையில் இருப்பதை வீசுவார் என்று நான் நினைத்தேன். டிவிடியை நிறுத்தலாமா என்றுகூட ரிமோட்டைத் தேடினேன். அவர் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவருக்குத் தெரியும்," என்றார் கடைசியில்.

கிசுகிசு அம்மா கண்ணைத் திறந்தார்.

"விசாரணை முடிஞ்ச அன்னிக்கே வந்து சொன்னாரு. உங்க அக்காதான் தப்பா குடுத்தாங்க, அங்க அதைச் சொன்னா அவங்க வேலை போயிடும், அதனால வாயில வந்துடுச்சுன்னு சொல்லிட்டு வந்தேன், உன்கிட்ட மட்டும் சொல்றேன்னாரு. அன்னிக்கு நிஜமாவே குடிச்சிருந்தாரு. நான் நம்பல. எங்க அக்காவுக்குப் பொய்யே சொல்ல வராது, குடிச்சதும் இல்லாம அவ மேல பழியைப் போடறீங்களா, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். பத்து நாள் அவரோட பேசல. அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. ஒம்பது வருஷம், சாகற வரைக்கும் எடுக்கல."

கிசுகிசு அம்மா எழுந்து போய்த் தங்கையின் கையைப் பிடித்தார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. தங்கை கையை உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்ட அக்கா," என்றார். "நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"